பட்டா போட்ட சிகரங்கள்

கொலராடோ மாநிலத்தில் மவுண்ட் பிராஸ் என்றொரு மலை. உயரம் 14,170 அடியை ஒட்டி வரும். உச்சி கூராக இருக்காது; சரளை பரவிய, நாலு லாரி நிறுத்தலாம் போன்ற அகன்ற மேடு. பக்கத்து மலையிலிருந்து வரும் ஒற்றையடிப் பாதை அந்த மேட்டை நோக்கி நேராக வருகிறது. உச்சிக்குச் சற்றுக் கீழே என்ன நினைத்ததோ, ஒதுங்கி, பக்கவாட்டில் சுற்றி, மறுபுறம் இறங்கிவிடுகிறது. வழியில் செங்குத்துப் பாறையோ பனிச்சரிவோ இல்லை. ஒரு பலகை இருக்கிறது: மேலே தனியார் நிலம், நுழையக் கூடாது. பலகையிலிருந்து உச்சி சில நிமிட நடைதான். அதைத் தாண்டிப் போகிறவர்கள் நிறைய.

மலையுச்சிக்கு எப்படிப் பட்டா வந்தது? கொலராடோவில் மலையேறிகளுக்கும் நில உரிமையாளர்களுக்கும் இருபது ஆண்டுகளாக நடக்கும் இழுபறியைப் புரிந்துகொள்ள இந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்க வேண்டும். பணக்காரர் ஒருவர் காட்சிக்காக மலையை வாங்கி வேலி போட்டார் என்ற கதை இங்கே பெரும்பாலும் பொருந்தாது. சிகரத்தைச் சிகரம் என்று நினைத்து யாரும் வாங்கவில்லை.

1872இல் அமெரிக்க நாடாளுமன்றம் பொதுச் சுரங்கச் சட்டத்தை இயற்றியது. மேற்கு மாநிலங்களின் அரசு நிலத்தில் தங்கமோ வெள்ளியோ கண்டவர் அந்த இடத்துக்கு உரிமை கோரலாம். பாறைக்குள் ஓடும் கனிம நரம்பின் நீளவாக்கில் 1,500 அடி, நரம்பின் இருபக்கமும் 300 அடி. ஆக இருபது ஏக்கருக்குச் சற்று அதிகமான ஒரு செவ்வகம். அதில் 500 டாலர் மதிப்புக்கு வேலை செய்து காட்டி, ஏக்கருக்கு 5 டாலர் கட்டினால் நிலமே சொந்தம். நம் வழக்கில் சொன்னால் முழுப் பட்டா. அந்த 5 டாலர் விலை பின்னர் ஒருபோதும் உயர்த்தப்படவில்லை. 1994இல் நாடாளுமன்றம் புதுப் பட்டாக்களை நிறுத்திவைத்தது. அதுவரை கொடுத்தவை கொடுத்தவைதான்.

கனிம நரம்பு மேடு பள்ளம் பார்த்து ஓடுவதில்லை. அது முகட்டின் மீது ஏறினால் பட்டாவும் ஏறும். உச்சியைக் குறுக்காக வெட்டினால் உச்சியும் பட்டாவுக்குள் விழும். பிராஸ் மலையில் 1870களின் தொடக்கத்தில் மூஸ் சுரங்கம் வெள்ளியைக் கொட்டியபோது, சுற்றியிருந்த சரிவெல்லாம் கோரிக்கைகளால் நிறைந்தது. அந்தக் காலத்து அளவை வரைபடத்தைப் பார்த்தால் தீப்பெட்டியைக் கவிழ்த்துக் கொட்டியது போல இருக்கும்: ஒன்றன் மேல் ஒன்று படிந்த, திசைக்கொன்றாகக் கிடக்கும் நீண்ட செவ்வகங்கள். 1893இல் வெள்ளிக்கு அரசு கொடுத்துவந்த ஆதரவு நின்றதும் விலை சரிந்தது. சுரங்க ஊர்கள் காலியாயின. பட்டாக்கள் மட்டும் மாவட்டப் பதிவேட்டில் தங்கிவிட்டன. பேரன் பேத்திகளுக்குப் பங்கு பங்காகப் பிரிந்து, வரிபாக்கிக்காக ஏலம் போய், மீண்டும் கைமாறி வந்த அவற்றில் சில பங்குகளின் உரிமையாளர்கள் எங்கே என்று கண்டுபிடிப்பதே பெரும்பாடு. பிராஸின் உச்சி இன்றுவரை மூடியிருப்பதற்கு இதுவே முதற்காரணம். அனுமதி கொடுக்க மனமுள்ள ஒருவர் இருந்தால் போதாது, பங்குதாரர் எல்லோரும் இசைய வேண்டும்.

பயனற்ற அந்த உச்சிகளுக்குப் புது மதிப்பு வேறு திசையிலிருந்து வந்தது. கார்ல் பிளாராக், வில்லியம் எர்வின் என்ற இருவர் 1923இல் கொலராடோவில் 14,000 அடியைத் தாண்டிய சிகரங்கள் என்று அன்று அறியப்பட்ட அனைத்தையும் ஏறி முடித்தார்கள். அதிலிருந்து ஒரு பட்டியல் உருவானது. இன்று எண்ணிக்கை எண்ணும் முறையைப் பொறுத்து 53, 54, 58 என்று மாறும். ஆனால் ‘ஃபோர்ட்டீனர்’ என்ற சொல் அங்கே பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். பட்டியல் என்று ஒன்று வந்துவிட்டால் மனிதனுக்கு அதை முடிக்காமல் தூக்கம் வராது. 13,900 அடியில் எவ்வளவோ அழகான மலைகள் ஆளில்லாமல் கிடக்க, பிராஸ் போன்ற சரளை மேட்டின் மீது ஆயிரக்கணக்கானோர் ஏறுவதற்கு அந்தப் பட்டியலைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை. கொலராடோ ஃபோர்ட்டீனர்ஸ் இனிஷியேட்டிவ் என்ற அமைப்பின் மதிப்பீட்டின்படி பெருந்தொற்று ஆண்டான 2020இல் இந்தச் சிகரங்களில் 4,15,000 ஏற்றங்கள் நடந்தன.

பிராஸ் தனியாக நிற்கவில்லை. அல்மா என்ற சிற்றூருக்கு மேலே, 12,000 அடி உயரத்திலுள்ள கைட் ஏரியிலிருந்து கிளம்பினால் டெமாக்ராட், கேமரன், லிங்கன், பிராஸ் என நான்கு உச்சிகளை ஒரே நாளில், சுமார் 7 மைல் வட்டமாகச் சுற்றி வந்துவிடலாம். நான்கு பெயர்களின் முதலெழுத்துகளைக் கோத்து ‘டிகாலிப்ரான்’ என்கிறார்கள். ஒரே நாளில் பட்டியலில் மூன்று நான்கைக் கழித்துவிடலாம் என்பதால் கூட்டம் அள்ளும். வழியெங்கும் பழைய சுரங்கத்தின் எச்சங்கள்: சாய்ந்த மரச்சட்டங்கள், துருப்பிடித்த கம்பிவடங்கள், பாதி மூடிய குழிகள், உளுத்த பலகை போர்த்திய வாய்கள். கொலராடோ முழுவதும் கைவிடப்பட்ட சுரங்கங்கள் சுமார் 23,000 இருக்கும் என்பது மாநில அரசின் கணக்கு. அவற்றுக்குள் எட்டிப் பார்ப்பதில் மனிதர்களுக்கு இருக்கும் ஆசையைச் சொல்லி மாளாது.

2005இல் இந்த நிலங்களின் உரிமையாளர்கள் வட்டத்தை மூடச் சொன்னார்கள். அவர்கள் சொன்ன காரணம் ஒன்றே: யாராவது குழிக்குள் விழுந்தால் வழக்கு எங்கள் மீது வரும்.

அது சாக்குப்போக்கு என்று அன்றே சிலர் சொன்னார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கட்டணம் வாங்காமல் பொழுதுபோக்குக்காக நிலத்தைத் திறந்துவிடும் உரிமையாளரைக் காக்க, மற்ற மாநிலங்களைப் போலவே கொலராடோவிலும் ஒரு சட்டம் இருக்கிறது. இலவசமாக விட்டால் விபத்துக்கு நீ பொறுப்பல்ல என்பது அதன் சாரம். ஆனால் அதில் இரண்டு ஓட்டைகள். கட்டணம் வாங்கினால் பாதுகாப்பு போய்விடும். இரண்டாவது இன்னும் முக்கியமானது: ஓர் ஆபத்து இருப்பது தெரிந்தும், வேண்டுமென்றே எச்சரிக்காமலோ தடுப்பு வைக்காமலோ இருந்தால் பாதுகாப்பு இல்லை. வயல்வெளிக்காரருக்கு இந்த நிபந்தனை பெரிதல்ல. சுரங்கப் பட்டா வைத்திருப்பவருக்கோ நிலம் முழுக்கத் தெரிந்த ஆபத்துதான். குழி எங்கே இருக்கிறது என்று அவருடைய வரைபடமே சொல்கிறது.

2006இல் சட்டமன்றம் கைவிடப்பட்ட சுரங்கங்களைக் கருதி அந்தச் சட்டத்தைத் திருத்தியது. அல்மா ஊராட்சி பெயரளவுத் தொகைக்குச் சிகர நிலங்களைக் குத்தகைக்கு எடுத்துக்கொண்டது. ஊருக்கு மலையேறிகளின் காப்பிக்கடைக் காசு முக்கியம் என்பதை மறுப்பதற்கில்லை. இருந்தாலும் ஓர் ஊராட்சி மலையுச்சியைக் குத்தகை எடுத்துப் பொறுப்பைத் தன் தலையில் வாங்கிக்கொண்டது அபூர்வம்தான். பிராஸின் உச்சி தவிர மற்றவை திறந்தன. பதினைந்து ஆண்டுகள் இப்படியே ஓடின.

நிலைமையைப் புரட்டிப்போட்டது மலையில் நடந்த விபத்து அல்ல. கொலராடோ ஸ்பிரிங்ஸில் அமெரிக்க விமானப்படை அகாதமியின் வளாகம் இருக்கிறது. அதற்குள் ஓடும் தார் பூசிய சைக்கிள் பாதையில் 2008 செப்டம்பரில் ஒருவர் சைக்கிளில் போனார். மழைநீர் அரித்து, பாதையின் குறுக்கே பள்ளம் விழுந்திருந்தது. அதில் மோதித் தலையில் பலத்த காயம். அகாதமியில் வேலைபார்த்த உயிரியல் வல்லுநர் ஒருவர் சுமார் இரண்டு வாரங்களுக்கு முன்பே அந்தப் பள்ளத்தைப் பார்த்திருந்தார், படம்கூட எடுத்திருந்தார், யாரிடமும் சொல்லவில்லை. வழக்கு பல ஆண்டுகள் நீதிமன்றங்களுக்கிடையே போய்வந்தது. முதலில், பாதையைப் பொதுமக்கள் பயன்படுத்துவது தெரிந்தே விட்டிருந்ததால் மேற்சொன்ன சட்டம் அகாதமிக்குப் பொருந்தும் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. பிறகு, பொருந்தும் சட்டத்திலேயே உள்ள இரண்டாவது ஓட்டை வழியாக வழக்கு வென்றது: தெரிந்தும் எச்சரிக்கவில்லை. 70 லட்சம் டாலருக்கு மேற்பட்ட நஷ்டஈட்டை 2019இல் பத்தாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் உறுதிசெய்தது.

காயம்பட்டவருக்குக் கிடைத்த நீதியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அந்தப் பள்ளத்தைச் சுற்றி நாலு கூம்பு வைத்திருந்தால் போதும், விபத்தே நடந்திருக்காது. ஆனால் மலையில் நிலம் வைத்திருந்தவர்கள் அந்தத் தீர்ப்பை வேறு கண்ணால் படித்தார்கள். ஒரு படம், இரண்டு வார மௌனம், எழுபது லட்சம். தன் நிலத்தைச் சுற்றிப் பார்த்து எங்கே என்ன இடிந்திருக்கிறது என்று தெரிந்துவைத்திருக்கும் உரிமையாளருக்குத்தான் ஆபத்து அதிகம். எட்டிப் பார்க்காதவருக்கு எதுவும் தெரியாது. தெரியாததற்குப் பொறுப்பும் இல்லை. அக்கறைக்குத் தண்டனை, அலட்சியத்துக்குப் பரிசு என்று ஒரு சட்டம் நடைமுறையில் வந்து நின்றால் வழக்கறிஞர் என்ன ஆலோசனை சொல்வார்? மூடிவிடுங்கள் என்றுதான் சொல்வார்.

இன்னொரு விநோதமும் உண்டு. கொலராடோவின் மற்றொரு சட்டப்படி, அத்துமீறி நுழைந்தவர் அடிபட்டால், உரிமையாளர் வேண்டுமென்றே தீங்கு செய்தால்தான் நஷ்டஈடு கேட்க முடியும். ஆக, ‘வாருங்கள்’ என்று சொன்னவரைவிட ‘வராதே’ என்று பலகை மாட்டிவிட்டு, வருகிறவர்களைக் கண்டும் காணாமல் இருப்பவர் சட்டத்தின் முன் நிம்மதியாக இருக்கலாம். பிராஸ் உச்சியில் இத்தனை ஆண்டுகளாக நடப்பது ஏறக்குறைய அதுதான். பலகையும் இருக்கிறது, கூட்டமும் இருக்கிறது.

2021இல் டிகாலிப்ரான் மீண்டும் மூடப்பட்டது. தெற்கே பெரிய பண்ணை ஒன்றின் எல்லைக்குள் வரும் மவுண்ட் லிண்ட்சியும் அதே ஆண்டில் அடைபட்டு, சில ஆண்டுகள் அப்படியே கிடந்தது. டிகாலிப்ரான் அந்தக் கோடையிலேயே எச்சரிக்கைப் பலகைகளுடன் திறந்தது. 2023 மார்ச்சில் திரும்பவும் மூடியது. மூடியதற்கு உடனடிக் காரணம், அந்த ஆண்டு சட்டத்தைத் திருத்தக் கொண்டுவந்த மசோதா மாநில செனட்டின் குழுவிலேயே தோற்றதுதான். விபத்து வழக்குகளை நடத்தும் வழக்கறிஞர்கள் அதைக் கடுமையாக எதிர்த்தார்கள். தங்கள் பிழைப்புக்காக எதிர்த்தார்கள் என்று ஏசுவது மலையேறிகளுக்கு எளிது. அவர்கள் கேட்டதில் நியாயமும் இருந்தது. மலைக்காக எழுதும் விலக்கு மலையோடு நிற்காது. பழுதடைந்த மரப்பாலத்தைத் தெரிந்தே சரிசெய்யாத உல்லாச விடுதிக்காரரும் அதே விலக்குக்குள் நுழைந்துகொள்வார்.

அதே 2023 கோடையின் நடுவில் லிங்கன், கேமரன், டெமாக்ராட் உச்சிகளின் உரிமையாளர் ஒரு வழி கண்டார். பாதை தொடங்கும் இடத்தில் ஒரு பலகை. அதில் ஒரு க்யூஆர் கட்டம். கைபேசியில் அதைப் படம்பிடித்து, திறக்கும் படிவத்தில் பெயர் எழுதி, எனக்கு எது நேர்ந்தாலும் உரிமையாளர் மீது வழக்குப் போடமாட்டேன் என்று கையெழுத்துப் போட்டுவிட்டு ஏறலாம். கட்டணம் கிடையாது. பன்னிரண்டாயிரம் அடியில், விடியலுக்கு முன், குளிரில் விரைத்த விரலால் வழக்குரிமையைத் துறக்கும் படிவத்தை நிரப்புகிற மலையேறிகள் அதை எவ்வளவு வாசித்திருப்பார்கள் என்பது வேறு விஷயம்.

2024 மார்ச்சில் சட்டம் திருத்தப்பட்டது. நிலத்துக்குள் நுழையும் முக்கிய வாயிலில் ஆபத்துகளைச் சொல்லும் எச்சரிக்கைப் பலகை வைத்து, வைத்ததற்குப் படச் சான்றும் வைத்திருக்கும் உரிமையாளர் மீது, ‘தெரிந்தும் எச்சரிக்கவில்லை’ என்ற வழக்கு இனி நிற்காது. குறித்த பாதையை விட்டு விலகுகிறவர் அத்துமீறியவராகக் கருதப்படுவார். ஒவ்வொரு குழியையும் தனித்தனியே வேலியிட வேண்டிய தேவை போயிற்று. இரு தரப்பும் இறங்கிவந்த நல்ல சமரசம் என்றே பத்திரிகைகள் எழுதின. நடைமுறைக்கு நல்ல சட்டம்தான்.

ஆனால் அந்தச் சட்டம் கொடுத்தது யாருக்கு என்று பார்க்க வேண்டும். 2006இன் திருத்தம், குத்தகை, க்யூஆர் படிவம், 2024இன் திருத்தம் எல்லாவற்றிலும் பயன்பெற்றவர் உரிமையாளர். அவருடைய பயம் குறைந்தது, அதனால் அவர் திறந்தார். மலையேறிக்கு இவற்றில் எந்த உரிமையும் கிடைக்கவில்லை. நாளைக்கு உரிமையாளர் மனம் மாறினால், அல்லது நிலம் கைமாறினால், கேள்வி கேட்க இடமில்லை. சொல்லப்போனால் நிலை சற்றுப் பின்னுக்கும் போயிருக்கிறது. பிறர் நிலத்தின் வழியே நெடுங்காலம், உரிமையாளரின் அனுமதியில்லாமல், வெளிப்படையாக நடந்து வந்தால் அந்த வழியில் ஓர் அனுபவ பாத்தியதை பிறக்கும் என்பது நமக்கும் பழக்கமான சட்டக் கொள்கை. கொலராடோவில் அதற்குப் பதினெட்டு ஆண்டு அனுபவம் வேண்டும். ஆனால் அனுமதி வாங்கி நடந்தால் எத்தனை ஆண்டு நடந்தாலும் பாத்தியதை பிறக்காது. கைபேசியில் போடும் ஒவ்வொரு கையெழுத்தும், நான் உன் தயவில் நடக்கிறேன் என்ற ஒப்புதலும்கூட.

உரிமை வேண்டும் என்றால் காசு கொடுத்து வாங்க வேண்டியிருக்கிறது. 2023இல் தி கன்சர்வேஷன் ஃபண்ட் என்ற தன்னார்வ அமைப்பு டெமாக்ராட் மலையின் உச்சியோடு சேர்ந்த 289 ஏக்கரை விலைக்கு வாங்கி அமெரிக்க வனத்துறையிடம் கொடுத்தது. அதற்கு முன் வில்சன் சிகரத்துக்கும் இதே கதை: பழைய சுரங்கப் பட்டா ஒன்றை வாங்கியவர் பாரம்பரியப் பாதையை அடைத்தார், டிரஸ்ட் ஃபார் பப்ளிக் லேண்ட் என்ற அமைப்பு அந்த நிலத்தை அவரிடமிருந்து வாங்க வேண்டியதாயிற்று. 1872இல் ஏக்கருக்கு 5 டாலருக்கு விற்றதைப் பொதுமக்களுக்காகத் திரும்ப வாங்கும்போது இன்றைய சந்தை விலை.

சட்டம் போட்டே திறந்தால் என்ன? நார்வேயில் வேலியிடாத, பயிரிடாத நிலத்தில் யாரும் நடக்கலாம் என்பது 1957 முதல் எழுதப்பட்ட சட்டம். அதற்கு முன்பும் வழக்கம். ஸ்காட்லாந்தில் 2003இன் நிலச் சீர்திருத்தச் சட்டம், பொறுப்போடு நடக்கும் எவருக்கும் ஏறக்குறைய எல்லா நிலத்திலும் நுழையும் உரிமையைக் கொடுத்தது; அங்கே உச்சிகளில் பெரும்பகுதி தனியார் எஸ்டேட்டுகளுக்குச் சொந்தமானவை. கொலராடோ சட்டமன்றம் இதைச் செய்ய நினைத்தாலும் எளிதில் முடியாது. பிறரை வெளியே நிறுத்தும் உரிமையே சொத்துரிமையின் உயிர்நாடி என்பது அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் நெடுநாளைய நிலைப்பாடு. கலிபோர்னியப் பண்ணைகளுக்குள் தொழிற்சங்கத்தினர் ஆண்டில் 120 நாட்கள் வரை, நாளுக்கு மூன்று மணிநேரம் நுழைந்து தொழிலாளரிடம் பேசலாம் என்றிருந்த விதியைக்கூட, இழப்பீடின்றிச் சொத்தைப் பறிப்பதாகும் என்று 2021இல் அது அடித்துவிட்டது. ஸ்காட்லாந்து மாதிரி ஒரு சட்டம் அங்கே வந்தால், ஒவ்வொரு உச்சிக்கும் இழப்பீட்டு வழக்கு எழும்.

அப்படியென்றால் அமெரிக்க மேற்கில் தனியார் மலைக்குள் உரிமையோடு நுழைபவர் ஒருவருமே இல்லையா? இருக்கிறார்கள். அவர்கள் மலையேறிகள் அல்ல.

மாநிலத்தின் தென்கோடியில் சான் லூயிஸ் என்றொரு சிற்றூர். 1851இல் உருவானது, கொலராடோவின் மிகப் பழைய ஊர். மக்கள் பெரும்பாலும் ஸ்பானிய வழி வந்தவர்கள். ஊருக்குக் கிழக்கே சாங்ரே தெ கிறிஸ்தோ மலைத்தொடர். உள்ளூரார் அதை ‘லா சியேரா’ என்று மட்டும் சொல்வார்கள். அதில் உயர்ந்தது குலேப்ரா சிகரம், 14,047 அடி. மலையேறிகளின் பட்டியலில் அதுவும் உண்டு. ஏற வேண்டுமானால் சியேலோ விஸ்டா என்ற பண்ணையிடம் முன்பதிவு செய்து, ஆளுக்கு 150 டாலர் கட்ட வேண்டும். பொறுப்பு விலக்குப் படிவத்திலும் கையெழுத்துப் போட வேண்டும். கட்டணம் வாங்கினால் பாதுகாப்பு போய்விடும் என்று சொன்னேனே, அந்தப் படிவம் அதற்குத்தான்.

அந்த நிலம் ஒரு காலத்தில் மெக்சிகோவுக்குச் சொந்தமானது. 1844இல் மெக்சிகோ அரசு ஏறக்குறைய பத்து லட்சம் ஏக்கரை மானியமாகக் கொடுத்தது. 1848இல் மெக்சிகோவுடனான போர் முடிந்ததும் நிலப்பரப்பு அமெரிக்காவிடம் வந்தது. மானியம் கையிலிருந்த கார்லோஸ் போபியன் என்பவர் அங்கே குடும்பங்களைக் கொண்டுவந்து குடியேற்றினார். ஏழாயிரம் எட்டாயிரம் அடி உயரப் பள்ளத்தாக்கில், ஆற்றிலிருந்து மலைவரை நீளும் ஒல்லியான துண்டு நிலங்கள். அந்தத் துண்டை மட்டும் நம்பிப் பிழைக்க முடியாது. குளிர்காலத்துக்கு விறகு, வீட்டுக்கு மரம், ஆட்டுக்கு மேய்ச்சல் எல்லாம் மலையில் இருந்தன. 1863இல் போபியன் ஸ்பானிய மொழியில் ஓர் ஆவணம் எழுதிக் கொடுத்தார்: குடியேறியவர்களுக்கு மேய்ச்சல், தண்ணீர், விறகு, மரம் ஆகியவற்றை அனுபவிக்கும் உரிமை உண்டு. அடுத்த ஆண்டு அவர் இறந்தார். நிலம் விற்கப்பட்டது, பல கை மாறியது. ஊரார் தொண்ணூறு ஆண்டுக்கு மேலாக மலைக்குப் போய்வந்துகொண்டிருந்தார்கள். நம் ஊர் மேய்ச்சல் புறம்போக்கு போலப் பொதுவாக நடந்த காரியம் அது. ஆனால் நிலத்துக்குச் சொந்தக்காரர் வேறொருவர்.

1960இல் வட கரோலினாவிலிருந்து வந்த மர வியாபாரி ஜாக் டெய்லர் சுமார் 77,000 ஏக்கரை வாங்கினார். அவருடைய கிரயப் பத்திரத்திலேயே மேய்ச்சல், விறகு, மரம் குறித்து உள்ளூர் மக்களுக்கு இருக்கக்கூடிய உரிமைகளுக்கு உட்பட்டது என்ற குறிப்பு இருந்தது. வாங்கிய கையோடு அவர் பாதைகளை அடைத்தார். தன் உரிமையைச் சுத்தமாக்கித் தரும்படி கூட்டாட்சி நீதிமன்றத்தை நாடினார், வென்றார். அடுத்த இருபது ஆண்டுகள் வேலியறுப்பும் கைகலப்பும் துப்பாக்கிச் சத்தமுமாகக் கழிந்தன. 1975இல் பண்ணை வீட்டிலிருந்த டெய்லர் மீதே குண்டு பாய்ந்தது, காயத்தோடு தப்பினார்.

1981இல் ஊரார் மாநில நீதிமன்றத்தில் புது வழக்குத் தொடுத்தார்கள். பழைய வழக்கிலேயே முடிந்த விஷயம் என்று கீழ் நீதிமன்றங்கள் தள்ளின. அந்தப் பழைய வழக்கில் எல்லோருக்கும் முறையாக அறிவிப்புப் போனதா என்று 1994இல் கொலராடோ உச்ச நீதிமன்றம் கேட்டது. வழக்கு மீண்டும் உயிர்பெற்று, விசாரணையில் மீண்டும் தோற்று, 2002இல் உச்ச நீதிமன்றத்தில் வென்றது. தொடுத்து இருபத்தோராம் ஆண்டு. அதற்குள் டெய்லர் இறந்திருந்தார். நிலம் என்ரான் நிறுவன அதிகாரியாக இருந்த லூ பாயின் கைக்குப் போயிருந்தது. போபியனின் ஆவணம் ஒரு நூற்றாண்டுக்கும் முன்பே யாருக்கு எதைக் கொடுத்தது, அதை நம்பி வந்தவர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்று நீதிமன்றம் விரிவாகப் பார்த்தது. குடியேறியவர்களின் வழிவந்த நில உடைமையாளர்கள் லா சியேராவில் கால்நடை மேய்க்கலாம், விறகு எடுக்கலாம், வீட்டுத் தேவைக்கு மரம் வெட்டலாம். அது நிலத்தோடு ஓடும் உரிமை. மலையை யார் வாங்கினாலும் இந்த உரிமையோடு சேர்த்துத்தான் வாங்க வேண்டும். தகுதியுள்ள வாரிசுகளுக்குப் பண்ணை வாயில்களின் சாவிகள் கொடுக்கப்பட்டன.

இந்த வழக்கைப் படிக்கும்போது மலையேறிகளின் போராட்டம் எவ்வளவு மெல்லிய தரையில் நிற்கிறது என்பது புரிகிறது. சான் லூயிஸ்காரர்கள் தீர்ப்பைப் பெற்றது ஆசையைச் சொல்லியல்ல, எண்ணிக்கையைக் காட்டியும் அல்ல. கையில் ஒரு காகிதம் இருந்தது. அந்தக் காகிதத்தின்படி வாழ்ந்த வாழ்க்கையும் இருந்தது. மலையேறிகள் கையில் ஒரு பட்டியல் மட்டுமே இருக்கிறது. வயோமிங்கில் எல்க் மலை வழக்கிலும் இதே பாடம் வேறு உருவில் வந்தது. அங்கே அரசு நிலமும் பண்ணை நிலமும் சதுரங்கக் கட்டம்போல மாறி மாறிக் கிடக்கின்றன. ஓர் அரசுக் கட்டத்திலிருந்து மூலை தொடும் அடுத்த அரசுக் கட்டத்துக்கு, பண்ணை மண்ணில் கால் படாமல் இரும்பு ஏணி வைத்துத் தாண்டிய நான்கு வேட்டைக்காரர்கள் மீது பண்ணை உரிமையாளர் நஷ்டஈட்டு வழக்குப் போட்டார். 2025இல் பத்தாம் வட்ட நீதிமன்றம் வேட்டைக்காரர் பக்கம் தீர்ப்பளித்தது. அதற்கு அது நம்பியது 1885ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றை. மாட்டுப் பண்ணைக்காரர்கள் அரசு நிலத்தைச் சுற்றி வேலி போடுவதைத் தடுக்க அன்று இயற்றியது. பழைய காகிதம் இருந்தால் வழி இருக்கிறது.

சான் லூயிஸிலும் சச்சரவு ஓயவில்லை. 2017இல் 10.5 கோடி டாலர் விலை சொல்லி விற்பனைக்கு வந்த பண்ணையை டெக்சாஸ் எண்ணெய்க் குடும்பத்து வாரிசு ஒருவர் வாங்கினார். எல்லையில் எட்டடி உயரக் கம்பிவேலி எழுந்தது. காட்டெருமைக்காக என்று பண்ணை சொன்னது. எங்களை மிரட்டவும் மான்களின் தடத்தை அறுக்கவும் என்று ஊரார் சொன்னார்கள். கோஸ்டில்லா மாவட்ட நிர்வாகம் 2023இல் நீதிமன்றத்துக்குப் போயிற்று. சாவி கையில் இருந்தும் வாயிலில் கேள்விகளும் கேமராக்களும் தொல்லை தருவதாக வாரிசுகள் புகார் சொல்லிவருகிறார்கள்.

2002இன் தீர்ப்பில் பலர் கவனிக்காமல் விடும் ஒரு பகுதி உண்டு. ஊரார் மேய்ச்சலும் விறகும் மட்டும் கேட்கவில்லை. வேட்டை, மீன்பிடிப்பு, பொழுதுபோக்கு உரிமைகளும் கேட்டார்கள். 1863இன் ஆவணத்தில் அவை இல்லை என்று நீதிமன்றம் மறுத்துவிட்டது. ஆகவே, தாத்தாவின் தாத்தா காலத்திலிருந்து அந்த மலையில் விறகு எடுக்கும் குடும்பத்து மனிதர், தன் சாவியால் வாயிலைத் திறந்து லாரியோடு உள்ளே போகலாம். விழுந்த மரத்தை ஏற்றிக்கொண்டு வரலாம். அதே மனிதர் ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளை அழைத்துக்கொண்டு குலேப்ரா உச்சியை ஏறிப் பார்க்க ஆசைப்பட்டால், தீர்ப்பின்படி அவரும் டென்வரிலிருந்து வரும் மலையேறியும் ஒன்றுதான். பண்ணையின் அனுமதி வேண்டும்.